எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை: 22 வாரத்தில் குழந்தையை இழந்த ஒரு தாயோடு நடந்த உளவளத்துணை

பெயரையும் குடும்ப விபரங்களில் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். மாலா என்று வைத்துக்கொள்வோம். வயது 31, வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டில் கணவரோடும் மாமியோடும் இருக்கிறார், தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பகுதியில் வேலை. கணவருக்குப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம். இதை எழுத இருவரும் சம்மதித்தார்கள், எழுதியதை வாசித்து இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன்.

22ஆவது வாரத்தில் வழமையான ஸ்கானுக்குப் போன இடத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு இல்லை என்று சொல்லப்பட்டது. மருந்து வைத்து வலி வரப்பண்ணி, அடுத்த நாள் இரவு பிறந்தது. நஞ்சுக்கொடியைச் சோதித்தும் காரணம் பிடிபடவில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒன்பதாவது வாரத்தில் ஒரு கரு கலைந்திருந்தது. ஆனால் முதல் சந்திப்பில் எத்தனையாவது கர்ப்பம் என்று கேட்டபோது "முதலாவது" என்றார். அந்த ஒன்பது வாரத்தை வீட்டில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அது வெளியே வர ஒரு மாதத்துக்கு மேல் போனது.

அவர் வந்ததும் துக்கத்துக்காக இல்லை. "நித்திரை வருதில்லை மிஸ், நெஞ்சு எரியுது, வேற ஒண்டும் இல்லை." குடும்ப வைத்தியர் முதலில் கேஸ்ட்ரிக்குக்கு மருந்து கொடுத்து, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தபின், "ஒருக்கா ஆரோடையாவது கதைச்சுப் பாருங்கோ" என்று அனுப்பியிருக்கிறார். நம்மவர்கள் பலர் இப்படி உடம்பு வழியாகத்தான் வருகிறார்கள். மனதில் இருப்பதை மறைத்து உடம்பைச் சொல்கிறார்கள் என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, நெஞ்சு உண்மையாகவே எரிகிறது. ஆகவே நெஞ்செரிவு எப்போது கூடுகிறது என்பதில்தான் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிறது. ஏன் ஞாயிறு என்பது பிறகு தெரிந்தது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தில், 27க்கு 16 வந்தது. அது லேசான எண் இல்லை. சாவைப் பற்றி நேராகவே கேட்டேன். "விடிய எழும்பாமல் விட்டா நல்லம் எண்டு வரும், நானாகச் செய்யிற எண்ணம் இல்லை." திட்டம் எதுவும் இல்லை. இருந்தும், அந்த எண்ணம் வலுத்தால் முதலில் யாரிடம் சொல்வது, இரவானால் எந்த இலக்கத்துக்கு அடிப்பது என்று அன்றே எழுதி அவர் கைப்பையில் வைத்தோம். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஊட்டுவதில்லை. கேட்டதற்காக நிம்மதிப்பட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் நடந்தது

மாலாவை வீட்டில் கவனிக்கவில்லை என்று சொல்லவே முடியாது. மாமி மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்துச் சரக்குக் கறி வைத்து, நல்ல மீனாகத் தேடி வாங்கி, பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும் பத்தியத்தை ஒன்றும் குறையாமல் செய்திருக்கிறார். உடம்பைப் பொறுத்தவரை அது ஒரு பிரசவம். மற்ற எல்லாவற்றையும் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை.

எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாசலில் கதிரை போடுவார்கள், சனம் வரும், ஒன்றும் பேசத் தெரியாதவர்கூட வந்து அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார், எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, பிறகு ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கும். இந்தக் குழந்தைக்கு எட்டும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. வந்தவர்கள் இரண்டொருவர், அவர்களும் "சின்ன வயசுதானே, இன்னொண்டு பிறக்கும்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்கள். சமூகம் அங்கீகரிக்காத துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989 இல் எழுதியதை வகுப்பில் படித்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மாலாவின் வீட்டுக் கதையைக் கேட்கும்போது அது அப்படியே பொருந்தியது.

பிறகு பால். குழந்தை போன மூன்றாம் நாள் மார்பு கட்டிவிட்டது. 16 வாரத்தைத் தாண்டிய கர்ப்பம் எப்படி முடிந்தாலும் பால் சுரக்கக்கூடும், ஏனென்றால் நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஹோர்மோன் விழுகிறது, உடம்புக்கு அதுதான் சமிக்ஞை. குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று உடம்பு பார்ப்பதில்லை. இதை ஆஸ்பத்திரியில் ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, பாலை நிறுத்த மாத்திரை இருப்பதையும் சொல்லவில்லை. குளியலறையில் சட்டை நனைந்து நின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. மாமி கோயிலடியில் மல்லிகைப்பூ வாங்கிவந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டார். நாட்டு வைத்தியம்தான், ஆனால் சும்மா இல்லை: 1988 இல் வேலூரிலிருந்து வந்த ஓர் ஆய்வில் மார்புக் கட்டும் பால் சுரப்பும் குறைவதில் மல்லிகைப்பூ புரோமோகிரிப்டின் மாத்திரைக்கு ஈடாக நின்றிருக்கிறது. பால் நின்றது. ஆனால் அன்றிலிருந்து மாலாவுக்கு மல்லிகை வாசம் ஆகாது. பூக்கடையைக் கண்டால் காலி வீதியின் மறுபக்கம் மாறி நடப்பார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது நின்றுவிட்டது. "சாமியோட கோவம்போல" என்று மாமி நினைத்துக்கொண்டார். சாமியோடு ஒரு கோபமும் இருக்கவில்லை.

கதைக்கத் தொடங்கியது

வாரம் ஒரு தடவை, ஒரு மணித்தியாலம், ஏறக்குறைய நான்கு மாதம். அடிப்படையாக எடுத்தது உறவுகளை மையமாக வைத்த ஐபிடி என்ற முறை. 1970களில் ஜெரால்ட் கிளேர்மனும் மிர்னா வைஸ்மனும் அமெரிக்காவில் உருவாக்கியது. துக்கம், உறவில் பிணக்கு, வாழ்க்கை நிலை மாறுவது, தனிமை என்ற நான்கில் எது இப்போதைய மனச்சோர்வோடு பிணைந்திருக்கிறது என்று பார்த்து அதைப் பிடித்துக்கொண்டு போகும். 2003 இல் உகண்டாவின் கிராமங்களில் குழுவாகச் செய்து பார்த்துப் பலன் கண்டார்கள், அதனால் இது மேற்கத்திய நடுத்தர வர்க்கத்துக்கு மட்டும் என்று ஒதுக்க முடியாது. கூட்டுக் குடும்பத்தில் இருக்கும் எங்கள் பெண்களுக்கு இது தோதாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் தனி மனதோடு மட்டும் நிற்காமல் வீட்டில் யாரோடு என்ன நடக்கிறது என்று கேட்கிறது.

ஒரு விடயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். "உங்கட பிழை இல்லை" என்ற வசனத்தை ஆரம்பத்தில் சொல்வதில்லை. மாலாவுக்கு அதை வைத்தியர் சொல்லியிருந்தார், கணவர் சொல்லியிருந்தார், அலுவலகச் சிநேகிதி சொல்லியிருந்தார், ஒவ்வொரு தடவையும் தலையாட்டியிருக்கிறார். சொல்பவருக்கு மனம் ஆறுகிறது, கேட்பவரின் வாய் மூடிவிடுகிறது. அதனால் நான் மற்றப் பக்கத்தால் கேட்டேன்: "எதெல்லாம் உங்கட பிழை எண்டு நினைக்கிறீங்கள்? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சொல்லத் தொடங்கினார், எழுதிக்கொண்டு வந்ததைப்போல ஒழுங்காக வந்தது. லிஃப்ட் பழுதாகி நாலு மாடி ஏறியது. கலியாண வீட்டில் அன்னாசி சாப்பிட்டது. மாமியோடு ஒரு சின்ன விடயத்துக்குச் சத்தம் போட்டது. நல்லூருக்கு வைத்த நேர்த்தியைத் தள்ளிப்போட்டது. கடைசியாக, மெல்லிய குரலில், கர்ப்பம் என்று தெரிந்த அன்று அலுவலகப் பதவி உயர்வு போய்விடுமே என்று ஒரு கணம் நினைத்தது.

மற்றவை எல்லாம் அந்தக் கடைசி ஒன்றுக்குக் காவல். முதல் சந்திப்பிலேயே "பிழை இல்லை" என்று சொல்லியிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

ஒரு தாளில் வட்டம் கீறி, இந்த இழப்புக்கு எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்கச் சொன்னேன், வழமையாகச் செய்யும் பயிற்சிதான். முழு வட்டமும் அவர் பெயரில் போனது. அதற்குப் பிறகுதான் தகவல்களுக்கு இடம் கிடைத்தது. அறியப்பட்ட கர்ப்பங்களில் ஏறத்தாழ 10 முதல் 20 வீதம் கலைந்துபோகின்றன, ஆரம்ப வாரங்களில் கலைபவற்றில் பாதியளவுக்கு நிறமூர்த்த (குரோமோசோம்) கோளாறு காரணம், மாடிப்படியோ அன்னாசியோ ஒரு கண நினைப்போ காரணம் இல்லை. பிந்தி நேரும் இழப்புகளுக்கு நஞ்சுக்கொடி, கிருமித்தொற்று, கொடி சிக்குவது என்று பல காரணங்கள் இருக்கலாம், எல்லாச் சோதனையும் செய்தும் காரணம் தெரியாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது இது: "பிழை எண்டா அடுத்த முறை அதைச் செய்யாமல் விடலாம் மிஸ். பிழை இல்லையெண்டா நான் என்னத்தை விடுறது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் குற்றவுணர்வு எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அவரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். காரணமே இல்லாமல் ஒரு குழந்தை போகலாம் என்று ஒத்துக்கொள்வதைவிடத் தன்னைக் குற்றவாளி ஆக்குவது சுலபமாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு பல வாரங்கள் பிழையைப் பற்றி அல்ல, பயத்தைப் பற்றித்தான் கதைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை விவகாரம் இடையில் வெளியே வந்தது. கர்ப்பிணிகளுக்கான செயலி ஒன்று போனில் இருந்தது, அதை அவர் அழிக்கவில்லை. வாரா வாரம் ஞாயிறு காலையில் அது செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது: இந்த வாரம் உங்கள் குழந்தை இவ்வளவு நிறை, இந்தக் காய் அளவு, இப்போது கண் திறக்கும். என்னிடம் காட்டினார். போனைக் கையில் வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் அழிக்கச் சொல்லிவிடுவேனோ என்று பயந்தது தெரிந்தது. அழிக்கச் சொல்லவில்லை. எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். "இது ஒண்டுதான் இன்னும் பிள்ளை இருக்குது எண்டு சொல்லுது."

துக்கத்தைப் பற்றி மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கட் இருவரும் 1999 இல் முன்வைத்த ஒரு கருத்து இந்த இடத்தில் உதவியது. துக்கப்படுபவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார், அந்த ஊசலாட்டம்தான் இயல்பு, ஒரு பக்கத்திலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். மாலா அலுவலகத்தில் ஒரு பகிடிக்குச் சிரித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடாமல் இருந்து தன்னைத் தண்டித்திருந்தார். சிரிப்பது துரோகம் இல்லை, ஓய்வு என்று நான் விளக்கியதைவிட, இப்படி ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னதுதான் கணக்குப் பகுதிக்காரரான அவருக்குப் பிடித்தது. லண்டன் ஆஸ்பத்திரிகளில் நடந்து 2020 இல் வெளியான ஓர் ஆய்வையும் சொன்னேன்: ஆரம்பகால இழப்புக்கு ஆளான பெண்களில் ஒரு மாதம் கழித்து 29 வீதமானோருக்கும், ஒன்பது மாதம் கழித்தும் 18 வீதமானோருக்கும், பேரதிர்ச்சிக்குப் பின்னான நெருக்கீட்டின் அறிகுறிகள் இருந்தன. "அப்ப எனக்கு விசர் இல்லை" என்றார். இல்லைத்தான்.

கணவர், மாமி

கணவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார், கடையைப் பூட்டிவிட்டு நேராக. இவர் எதையும் உணரவில்லை, இரண்டாம் வாரமே கடைக்குப் போய்விட்டார் என்பது மாலாவின் மனத்தாங்கல். அவர் கதிரையின் நுனியில் இருந்து தரையைப் பார்த்தபடி சொன்னது இருவருக்கும் பொதுவான ஒன்றை முழுதாக மாற்றிவிட்டது. அன்றிரவு ஆஸ்பத்திரியில், "காட்டவேண்டாம், பார்த்தா மறக்கமாட்டா" என்று சொல்லி மாலாவுக்குக் குழந்தையைக் காட்டவில்லை. ஆனால் கையெழுத்து வைக்கக் கூப்பிட்டபோது அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். அவர் பார்த்திருக்கிறார். இத்தனை நாளும் சொல்லவில்லை, சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

"என்ன பாத்தனீங்கள்?" என்று மாலா கேட்டார். அவர் தன் சுட்டுவிரலைக் காட்டி, இவ்வளவுதான் கை இருந்தது, ஆனா நகம்கூட இருந்தது என்றார். காது மாலாவின் தகப்பனுடைய காதுபோல மடிந்திருந்தது என்றார். மாலா அழுதுகொண்டே ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டார், அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. பெயர் வைத்திருந்தீர்களா என்று பிறகு கேட்டேன். வைத்திருந்தார்கள். எனக்குச் சொல்லவில்லை, நானும் திருப்பிக் கேட்கவில்லை.

குழந்தையைக் காட்டலாமா கூடாதா என்பதில் ஆய்வுகளே ஒரு காலத்தில் முரண்பட்டன. இறந்து பிறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தாய்மாருக்கு அடுத்த கர்ப்பத்தில் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது என்று 2002 இல் லான்செட் இதழில் ஒரு சிறிய பிரித்தானிய ஆய்வு வந்து பெரிய விவாதமானது. பிறகு கூடுதலான தாய்மாரைக் கேட்டுச் செய்த ஆய்வுகளில், பார்த்தவர்களில் பெரும்பாலோர் பார்த்ததற்காக வருந்தவில்லை. இப்போது பல நாடுகளில் நடைமுறை என்னவென்றால், வற்புறுத்தாமல், மறைக்காமல், தாயிடம் கேட்பது. மாலாவிடம் கேட்கப்படவில்லை. பார்க்காததைவிடக் கேட்காததுதான் அவருக்குக் கூட வலித்தது.

மாமி சந்திப்புக்கு வரவில்லை, வரவும் மாட்டார். ஆனால் கணவர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னாரோ, ஒருநாள் மாமி உள்ளி உரித்துக்கொண்டே, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தான் ஏழு மாதத்தில் ஒன்றை இழந்ததை மருமகளுக்குச் சொல்லியிருக்கிறார். அக்டோபர் 30 இரவு, மழை, நாவற்குழிப் பக்கம் சனத்தோடு சனமாக நடந்தது, அடுத்த நாள் தென்மராட்சியில் தெரியாத ஒருவர் வளவில் புதைத்தது. இப்போது புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் மகன் அப்போது இடுப்பில் இருந்த பிள்ளை. அவருக்கும் இது தெரியாது. "இதைக் கதைச்சுக்கொண்டிருந்தா நாங்கள் நடந்திருக்கமாட்டம் பிள்ளை" என்றாராம்.

மாமியின் மௌனத்தை நான் மடமை என்று சொல்லத் தயாரில்லை. அவருக்கு அன்று அது கால்நடையாகப் போய்ச் சேரும் வழி. அதே வழியை வெள்ளவத்தை மாடி வீட்டில் இருக்கும் மருமகளுக்கும் கொடுத்தார், அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இதற்குப் பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுது சமாதானமானார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது, மாமி பூ வாங்குவதை நிறுத்தினார். அது போதுமாக இருந்தது.

பூவைப் பொறுத்தவரை படிப்படியாகப் போனோம். முதலில் அந்தக் குளியலறை நிமிடங்களைச் சொல்வது, பிறகு கோயில் இருக்கும் ஒழுங்கையால் நடப்பது, பிறகு வாசலில் நிற்பது. ஒன்றிரண்டு வாரங்கள் பின்வாங்கினார். இப்போது கோயிலுக்குப் போகிறார், பூ வைப்பதில்லை.

பிரசவத் திகதி

பிள்ளை பிறக்க வேண்டியிருந்த திகதி நெருங்கும்போது அறிகுறிகள் கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன், கூடவும் செய்தது. நித்திரை மறுபடி குழம்பியது. அன்றைக்கு என்ன செய்வது என்பதை மூன்று பேரும் வீட்டில் பேசி முடிவெடுத்தார்கள். சிறுவர் இல்லமொன்றுக்குச் சாப்பாடு கொடுப்போம் என்றார் கணவர், பிள்ளைகளைப் பார்க்கத் தன்னால் ஏலாது என்றார் மாலா, கடைசியில் முதியோர் இல்லமொன்றுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தார்கள். குருக்கள் யாரையும் கூப்பிடவில்லை. செயலியை அன்றுவரை வைத்திருந்து, அதன் கடைசிச் செய்தியைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் எடுத்துவிட்டார்.

நான்கு மாத முடிவில் பிஎச்கியூ-9 இல் 7. மருந்து தேவைப்படவில்லை, ஆனால் தேவைப்பட்டிருந்தால் தயங்காமல் உளமருத்துவரிடம் அனுப்பியிருப்பேன். கதைத்தால் எல்லாம் சரிவரும் என்று நினைக்கிற ஆள் நானில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் திட்டமாக மாறினால், சாப்பாடும் நித்திரையும் முற்றாக நின்றால், இல்லாத குரல் கேட்டால், அது உடனடியாக உளமருத்துவரின் வேலை. இழப்புக்கு ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று தனியாகப் பார்க்கிறார்கள், அதற்கென்று சிகிச்சையும் வேறாக இருக்கிறது. கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் உளநலக் கிளினிக்குகளில் காசு கட்டத் தேவையில்லை, பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தமிழில் கதைக்கக்கூடியவரா என்று போவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அழுகையை இரண்டாம் மொழியில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க ஒருவராலும் ஏலாது.

மாறாதவையும் உண்டு. அலுவலகத்தில் யாராவது கர்ப்பம் என்று சொன்னால் மாலா இன்னும் கழிவறைக்குப் போய்விட்டுத்தான் வருகிறார். அந்த ஒன்பது வாரக் கருவைப் பற்றி இன்னும் அதிகம் கதைக்கவில்லை. அடுத்த கர்ப்பம் என்று வந்தால் 22ஆவது வாரத்தைச் சுற்றிப் பயம் உச்சத்துக்குப் போகும் என்பது இருவருக்கும் தெரியும், அப்போது மறுபடி வாராவாரம் சந்திப்பதென்று பேசி வைத்திருக்கிறோம், கிளினிக்கில் அடிக்கடி துடிப்புப் பார்க்கக் கேட்கலாம் என்பதையும் குறித்துக்கொண்டார். இப்போது இடையிடையே வந்துபோகிறார். வந்தால் பாதி நேரம் மாமியைப் பற்றிக் குறைதான், அதுவும் தேங்காய் துருவுவதைப் பற்றி.